நேர்மையாளர் வளனாரும் நாம் மறந்துபோன தாழ்ச்சியும்



நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் குறிப்பிடம் ஒப்பித்தது நினைவிருக்கும். தலையான பாவங்கள் ஏழு என்று ஆரம்பித்தால் முதலில் வாயில் வருவது அகங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் எது என்று உபதேசியார் கேட்டால், வகுப்பே ஒரே குரலில் தாழ்ச்சி என்று கத்தும். யார் அதிகச் சத்தமாகத் தாழ்ச்சி என்று சொல்கிறார்கள் என்பதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும்! அந்த நகைச்சுவை அன்று நமக்குப் புரியவில்லை.

தாழ்ச்சி, நேர்மை என்ற இரண்டு சொற்களையும் நாம் வழக்கமாகத் தனித்தனியே பேசுகிறோம். தாழ்ச்சி செபிக்கும் நேரத்துக்கு உரியது. நேர்மை கடை, அலுவலகம், கணக்குப் புத்தகம் ஆகியவற்றுக்கு உரியது என்பது நம் எண்ணம். நற்செய்தியில் இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அவர் நாசரேத்தூர்த் தச்சர் யோசேப்பு. அவரை நேர்மையாளர் என்று மத்தேயு அழைக்கிறார் (1:19). பழைய மொழிபெயர்ப்புகளில் இந்த இடத்தில் நீதிமான் என்று வாசித்திருப்போம். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை.

கடலூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இவர் அந்நியர் அல்லர். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவர்தான், தமிழில் இவருக்குக் காப்பியமும் பாடினார். இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு அவர். தேம்பாவணியில் 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள் உள்ளன. இவ்வளவு பெரிய நூலுக்குத் தலைவர் அரசரும் அல்லர், போர்வீரரும் அல்லர், ஒரு தச்சர். தமிழ்க் காப்பிய மரபில் இது ஒரு பெரிய துணிச்சல் என்றே நாம் கருதுகிறோம். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரில் 'கூட்டித் தருதல்' என்ற பொருள் இருப்பதால் முனிவர் அவரை வளன் என்று அழைத்தார். செபப் புத்தகங்களில் சூசையப்பராக இருந்தவர், இன்று நம் பள்ளிகளின், கல்லூரிகளின் பெயர்ப்பலகைகளில் வளனாராக நிற்பது அந்த வழியில்தான்.

கோணான்குப்பத்து அன்னையைத் தமிழ்ப் பெண்போலச் சேலை உடுத்திய கோலத்தில் வரைந்து, அந்தப் படத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வேற்று நாட்டிலிருந்து வந்தவர் தம் நாட்டு உடையை அன்னைக்கு உடுத்தவில்லை. இந்த மண்ணின் உடையை, உணவை, மொழியைத் தாமே முதலில் கற்றுக்கொண்டார். உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் எழுதினார். பரமார்த்த குருவின் கதையையும் அவர்தான் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு அலையும் அந்தக் குருவைப் பற்றி வாசித்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நம்மைப் போன்ற குருக்கள் ஆண்டுக்கொரு முறை அதைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது நல்லது.

நேர்மை என்று மத்தேயு சொல்வது

நேர்மை, நீதி என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் மத்தேயு நற்செய்தியில் ஏழு முறை வருகிறது. அவற்றுள் ஐந்து மலைப்பொழிவில் உள்ளன. பசி தாகம் கொள்ள வேண்டியது அதற்காகத்தான், துன்புறுத்தப்படுவதும் அதன்பொருட்டுத்தான், அனைத்துக்கும் முன்னே தேட வேண்டியதும் அதுவே. அதற்குப் பின்னால் இருக்கும் எபிரேயச் சொல் செதாக்கா. சட்டத்தை மீறாமல் இருப்பது என்ற அளவில் அதன் பொருள் நின்றுவிடுவதில்லை. கடவுளோடும் அடுத்திருப்பவரோடும் உள்ள உறவுக்கு உண்மையாக இருப்பதே செதாக்கா.

யோசேப்பின் வாழ்வில் இதைப் பாருங்கள். மணம் பேசப்பட்ட பெண் கருவுற்றிருக்கிறாள். இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. ஊரைக் கூட்டியிருக்கலாம், தம் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். சட்டப்படி நடந்தவர் என்ற பாராட்டும் கிடைத்திருக்கும். அவரோ அந்தப் பெண்ணுக்கு இழுக்கு வராதபடி மறைவாக விலக்கிவிட நினைக்கிறார். வானதூதர் கனவில் வருவது அதற்குப் பிறகுதான் என்பதைக் கவனியுங்கள். கனவு காண்பதற்கு முன்பே, எதுவும் விளங்காத நிலையிலேயே, பிறருடைய மானத்தைத் தம் மானத்துக்கு மேலாக வைத்துவிட்டார். அதனால்தான் அவர் நேர்மையாளர். நம் ஊரில் ஒரு பெண்ணின் பெயர் தெருவில் அடிபடும்போது நாம் எவ்வளவு விரைவாக இணைச்சட்டத்தைத் திறக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால் அவரது அருமை விளங்கும்.

தாழ்ச்சி என்றால் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வது என்று பலர் எண்ணுகிறார்கள். நன்றாகப் பாடத் தெரிந்தவர் தமக்குப் பாடவே வராது என்று சொல்வதற்குப் பெயர் தாழ்ச்சி அன்று, பொய். தாழ்ச்சியை உண்மையில் நடப்பதோடு சேர்த்துப் பார்த்தவர் அவிலா நகர்த் தெரசா. இலத்தீனில் அச்சொல் மண் என்னும் சொல்லோடு உறவுடையது. கால் மண்ணில் பாவ நிற்பதுதான் தாழ்ச்சி. மண்ணுக்குள் புதைந்துபோவது தாழ்ச்சியாகாது.

தொலைவில் நின்ற இருவர்

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இருவர் செபிக்கக் கோவிலுக்குப் போகிறார்கள். பரிசேயரை நாம் எப்போதும் கெட்டவராகவே மறையுரையில் காட்டிவிடுகிறோம். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வாரம் இருமுறை நோன்பு இருந்தார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். அப்படி ஒருவர் நம் பங்கில் இருந்தால் அவரையே பங்குப் பேரவைத் துணைத்தலைவர் ஆக்குவோம். அவருடைய செபம் கெட்டுப்போனது ஒரே இடத்தில்தான்: அதோ அங்கே நிற்கிற அந்த ஆளைப்போல் நான் இல்லை என்று கடவுளிடம் சொன்ன இடத்தில். கடவுளைப் பார்க்க வந்தவர் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டார்.

வரிதண்டுபவர் தொலைவில் நின்றார். அவர் தம் பாவத்தை நினைத்துத் தாமே தொலைவில் நின்றார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், கடலூரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் சிதம்பரம், தொலைவில் நின்ற வேறொருவரை நமக்கு நினைவூட்டுகிறது. ஆதனூர் நந்தனாரின் வரலாற்றைப் பெரிய புராணம் பாடுகிறது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றார். அவரும் வெளியே நின்றார். ஆனால் அவரை நிறுத்தியது அவரது பாவம் அன்று. பிறப்பைச் சொல்லி மற்றவர்கள் நிறுத்தினார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: தலை குனிந்த ஒருவர், தூரத்தில் ஒரு கோவில். ஆயினும் முதலாவது தாழ்ச்சி. இரண்டாவது, தாழ்த்தப்படுதல். முன்னதைக் கடவுள் உயர்த்துகிறார் என்று இயேசு சொன்னார். பின்னதைப் புண்ணியம் என்று யாரும் போதிக்க உரிமை இல்லை. சுவாமி சகஜானந்தா (1890–1959) இதை நன்கு அறிந்தவர். நந்தனாரின் பக்தியைப் போற்றிய அவர், சிதம்பரத்தில் பக்திப் பாடலோடு நின்றுவிடவில்லை. 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கி, ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

இதை வாசிக்கும்போது அது அவர்கள் சமயத்துப் பிரச்சினை என்று நம்மில் சிலருக்குத் தோன்றலாம். அங்குதான் பரிசேயரின் செபம் நம் வாயில் வந்து உட்காருகிறது.

நம் கோவில்களின் சுவர்கள்

புதுச்சேரிக் கோவிலுக்குள்ளேயே ஒரு காலத்தில் சுவர் எழுப்பி, ஒருபுறம் தலித் மக்களும் மறுபுறம் மற்றவர்களும் அமர்ந்தார்கள். 1745ஆம் ஆண்டு தலித் கிறிஸ்தவர்கள் திரண்டு குருவிடம் முறையிட, அந்தச் சுவர் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கல் சுவரை இடிக்க ஒரு நாள் போதும். 263 ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச் 9 அன்று, நமது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்திருக்க முடியாது. தங்கள் இறந்தோரைப் பொதுத்தெரு வழியே எடுத்துச் செல்வதும், தங்களுக்கெனத் தனிப் பங்கு வேண்டும் என்பதும் தலித் மக்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தன. மோதல் வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். இரு தரப்பும் கத்தோலிக்கர்கள். ஒரே செபமாலையை உருட்டியவர்கள்.

அன்று தவக்காலத்தின் 5ஆம் ஞாயிறு. அந்த ஆண்டு வாசக வரிசைப்படி எல்லாக் கோவில்களிலும் வாசிக்கப்பட்ட நற்செய்தி இலாசர் உயிர்பெற்றது. கல்லறை வாயிலிலிருந்து கல்லை அகற்றச் சொல்கிறார் ஆண்டவர். நாற்றம் எடுக்குமே என்று மார்த்தா தயங்குகிறார். கல்லறைக்குப் போகும் வழி எவருடையது, தூம்பாவை யார் தொடுவது என்று நூறாண்டுகளாக வழக்காடும் நமக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது. மார்த்தா பயந்த நாற்றம் இதுதானோ என்று நாம் அன்று எண்ணினோம்.

திருச்சபையின் போதனை இதில் மயங்கவே இல்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமையின் சாயல் இருந்தாலும் அது நற்செய்திக்கு எதிர்ச்சாட்சி என்ற பொருளில் அழுத்தமாகப் பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதியினர் உரிமையை மறுத்ததால், ஆண்டுதோறும் அந்நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். சீக்கியருக்கு 1956இலும் புத்த சமயத்தாருக்கு 1990இலும் கிடைத்தது நம்மவருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வி நேர்மையானது. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் டில்லியிடம் கறுப்புக்கொடி காட்டிவிட்டு ஊர் திரும்பி, தேர்பவனி எந்தத் தெரு வரைக்கும் போகும் என்று பங்குப் பேரவையில் சண்டையிடுகிறோமே, இதை வளனார் பார்த்தால் என்ன சொல்வார்? அவர்தான் பேசுவதே இல்லையே.

இரவில் எழுந்தவர்

2004 டிசம்பர் 26 திருக்குடும்பப் பெருவிழா ஞாயிறு. கிறிஸ்துமஸ் குடில் கலைக்கப்படாத கோவில்களில் அன்று காலை வாசித்தது, யோசேப்பு இரவோடு இரவாக எழுந்து குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதி (மத்தேயு 2:13-15, 19-23). எண்களைப் பாருங்கள்: இடையில் மூன்று வசனங்கள் விடப்பட்டுள்ளன. ஏரோது குழந்தைகளைக் கொன்றதும், தாய்மார்கள் ஆறுதல் கொள்ள மறுத்து அழுததும் அந்த மூன்றில்தான் இருக்கின்றன. அவை வாசகத்தில் வரவில்லை. தேவனாம்பட்டினம் தொடங்கி, தெற்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துக் கடலோரம் வரை அவை அன்றைக்கு நேரில் நடந்துகொண்டிருந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது.

பிறகு வந்த நாள்களில் யார் எந்தச் சமயம் என்று கேட்காமல் பள்ளிக்கூடங்களும் கோவில்களும் மண்டபங்களும் திறந்தன. முகம் தெரியாதவர்கள் உடல்களைத் தூக்கினார்கள், குழி வெட்டினார்கள், கஞ்சி காய்ச்சினார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வளனாரின் வழி அது. அதே நாள்களில், நிவாரண வரிசையிலும் தங்குமிடத்திலும் தலித் குடும்பங்கள் தள்ளிவைக்கப்பட்டதாகவும் பல இடங்களிலிருந்து செய்தி வந்தது. கடல் அலை சாதி பார்க்கவில்லை. சோற்று வரிசை பார்த்தது.

பெயர் என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் கோவில்களில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் உபயம் இன்னார் என்று எழுதியிருக்கிறார்கள். விசிறி சுற்றும்போது பெயர் தெரிவதில்லை. நின்றால்தான் வாசிக்க முடிகிறது. மக்கள் பார்க்க வேண்டும் என்று அறச்செயல் செய்யாதிருக்கும்படி மலைப்பொழிவில் (6:1) ஆண்டவர் எச்சரித்ததற்கு, மின்வெட்டு நேரத்தில் இதைவிட நல்ல விளக்கவுரை வேண்டாம்.

வளனாருக்குத் திருச்சபை கொடுத்த சிறப்புகள் எல்லாம் மிகவும் காலம் தாழ்த்தியே வந்தன. 1870இல்தான் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார். உழைப்பாளரான வளனார் திருநாள் மே 1 என்று ஏற்பட்டது 1955இல். திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயர் சேர 1962 வரை ஆயிற்று. 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டை அவருக்கென ஒதுக்கினார் திருத்தந்தை பிரான்சிஸ். அவர் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி நம் குற்றம் ஒன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கில், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிருவர் பட்டியலைப் பேரவையினர் கொடுத்தார்கள். நாம் ஒரு பெயரையும் கேள்வி கேட்கவில்லை. வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, முன்பே நன்றாகக் கழுவி வந்த பாதங்கள். முழங்காலிட்டு அவற்றைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டபோது நம் தாழ்ச்சியை எண்ணி நமக்கே மனம் நெகிழ்ந்தது. இரவு நற்கருணை ஆராதனைக்குப் பின், கோவில் பெருக்கும் ஒரு வயதான அம்மா வாசலில் நின்று கேட்டார்கள்: "சாமி, எங்க தெருவுல யாருக்கும் காலு இல்லீங்களா?"

பன்னிருவரும் ஒரே தெரு. அது நமக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் வெட்கம். தெரியாமல் செய்திருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது.

அடுத்த ஆண்டு அன்பியத்துக்கு ஒருவர் என்று அறிவித்தோம். பெரிய வியாழன் மாலை ஐந்து நாற்காலிகள் காலியாக இருந்தன. வர வேண்டியவர்கள் கோவிலுக்குள்தான் இருந்தார்கள்; எழுந்து வரவில்லை. பாடற்குழு இரண்டாவது முறையும் பாடி முடித்துவிட்டுக் காத்திருந்தது. பீடச்சிறுவர்கள் இருவரையும், பின்வரிசையில் நின்றிருந்த ஆட்டோ ஓட்டுநர் மூவரையும் அழைத்து உட்கார வைத்தோம். ஓட்டுநர் ஒருவரின் குதிகாலில் கிரீஸ் கறை. துடைத்த துண்டு கறுத்துவிட்டது. பேரவையில் மூத்தவர் ஒருவர், நாம் மாற்றலாகும் வரை நம்மிடம் பேசவில்லை.

அந்த அம்மாவை அழைக்க விதி அப்போது இடம் தரவில்லை, ஆண்கள் மட்டுமே. பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்ற ஆணை உரோமையிலிருந்து 2016 சனவரியில் வந்தது. அப்போது நாம் வேறு பங்கில் இருந்தோம். தொலைபேசியில் விசாரித்தபோது, அந்த அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தெரு வழியாக எடுத்துச் சென்றார்கள் என்று கேட்டோம். நேர் வழியாகத்தான் சாமி என்றார் உபதேசியார்.